பேச்சியின் ஞாயிற்றுக்கிழமை

இதை எழுதும்போது எனக்கு இரண்டு பேர் மேல் கோபம். ஒருவர் அழகியநம்பி. இன்னொருத்தி நான்.

என் பெயர் விஜயலக்ஷ்மி. ஊர் நாகர்கோவில் வடிவீஸ்வரம். இருபத்தாறு வருஷமாகத் திருவனந்தபுரத்தில் இருக்கிறேன். கேசவதாசபுரம் பக்கத்தில் பதினோரு மாடி ஃபிளாட் ஒன்றில், குடியிருப்போர் சங்க ஆபீசில் கிளார்க் வேலை. ரசீது போடுவது, லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்துவது, தண்ணீர் லாரியைக் கூப்பிடுவது, இதெல்லாம் என் தலையில். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது என்று எங்கள் வீட்டில் பேர். அந்த வாய் நிற்கக் கூடாத ஒரு இடத்தில் நின்றுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் அந்த ஃபிளாட்டில் பெரும்பாலும் யாரும் படிக்க மாட்டார்கள். அழகியநம்பி படிப்பார். படிக்கட்டும்.

எங்கள் ஃபிளாட்டில் வீட்டு வேலை செய்த பேச்சிக்கு நாற்பத்து நாலு வயது. பிறந்தது பொன்முடிப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். அப்பா அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து தேயிலை கிள்ள வந்தவர்கள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை தமிழில் படித்தாள். அதற்கு மேல் வித்துராவுக்குப் போக வேண்டும். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். சாயங்கால பஸ் வராத நாளில் வளைவு வளைவாக மலை ஏறி நடந்து வர வேண்டும். ஏழாவது பாதியில் அப்பா நிறுத்திவிட்டார். அந்த வருஷம் கணக்கில் வகுப்பிலேயே முதல் மார்க் அவள்தான் என்று ஒரு நாள் போகிற போக்கில் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

பத்தொன்பது வயதில் வேலப்பனைக் கட்டிக்கொண்டு சிட்டிக்கு வந்தாள். அவன் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். நல்லவன்தான். ஆனால் தீபாவளியும் ஓணமும் தவிர அவனுக்கு லீவு என்று ஒன்று கிடையாது. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. பேச்சி எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து ஆறு வருஷம். நாலு வீட்டில் வேலை. காலை ஏழு மணிக்கு உள்ளே வந்தால் மத்தியானம் மூன்று மணிக்கு வெளியே போவாள். திங்கள் முதல் சனி வரை. ஞாயிறு வர மாட்டேன் என்று முதல் நாளே நாலு வீட்டிலும் சொல்லிவிட்டாள். நாலு வீட்டிலும் சரி என்றார்கள். காகிதம் எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் அவள் மறுபடியும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். படிப்பை நிறுத்தியவர்கள் பெரியவர்களான பிறகு பத்தாம் வகுப்பு எழுதலாம் அல்லவா, அந்த வகுப்பு. கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு சர்க்கார் பள்ளியில் காலை பத்திலிருந்து நாலு வரை. பக்கத்து வீட்டு ஜெபமலரும் அவளும் சேர்ந்தே சேர்ந்தார்கள். பாடமெல்லாம் மலையாளத்தில். பேச்சிக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் எழுத்து வேகமாக வராது. டீச்சர் சொல்கிற மலையாளத்தைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து மலையாள எழுத்துக்கு மாற்றுவாள். ஒரே பாடத்தை இரண்டு தடவை எழுதுவதால் தனக்கு மறக்காது என்பாள்.

ஏன் இந்த வயதில் பத்தாவது? அதற்குக் காரணம் ஒரு பேப்பர் விளம்பரம். கத்தரித்து பர்சுக்குள் வைத்திருந்தாள். எனக்கும் காட்டினாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் தேவை. பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். எட்டு மணி நேர ஷிஃப்ட். வாரம் ஒரு நாள் விடுமுறை.

"இதக் கண்டீங்களா அக்கா? லீவுன்னு எழுதியே போட்டிருக்கான்" என்றாள், அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு. "ஜெபமலர் ஆஸ்பத்திரியில போய்ச் சோதிச்சுட்டு வந்தா. வருஷா வருஷம் ஆள் எடுப்பாங்களாம். பத்தாவது மட்டும் இருந்தா மதி." அவள் தமிழில் மலையாளம் கலந்து வரும்; சோதிச்சு என்றால் விசாரித்து, மதி என்றால் போதும்.

சம்பளம் எவ்வளவு என்று அவள் சொல்லவே இல்லை. நான்தான் கேட்டேன். இப்போது வாங்குவதைவிட ரொம்ப ஒன்றும் கூடுதல் இல்லை. அவளுக்கு வேண்டியது அந்த வரி. அவளுடைய அம்மாவுக்கோ புருஷனுக்கோ அவளுக்கோ, அவர்களுடைய ஓய்வை இது வரை யாரும் ஒரு காகிதத்தில் எழுதித் தந்ததில்லை.

இனி அழகியநம்பி. ஊர் திருநெல்வேலி. கழக்கூட்டம் பக்கத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மனிதவளத் துறைக்குத் தலைவர். எங்கள் ஃபிளாட் சங்கத்துக்குச் செயலாளர். அதாவது எனக்கு மேலதிகாரி. மனைவி கிருஷ்ணவேணி ஒரு பாங்கில் இருக்கிறாள். அழகியநம்பியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குரல் உயர்த்த மாட்டார். ஓணத்துக்குப் புடவை எடுத்துத் தருவார். பேச்சியின் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்காது.

போன வருஷம் பிப்ரவரியில் அவர் கம்பெனியில் வாரத்துக்கு நாலு நாள் வேலை என்று கொண்டுவந்தார்கள். திங்கள் முதல் வியாழன் வரை வேலை, வெள்ளி சனி ஞாயிறு லீவு, சம்பளத்தில் ஒரு பைசா குறையாது. இதற்காக இரண்டு வருஷம் மேலிடத்தோடு போராடியவர் அழகியநம்பிதான். எங்கள் ஃபிளாட்டில் பதினொரு வீட்டில் அந்தக் கம்பெனி ஆட்கள். கீழே ஹாலில் வைத்து லட்டு கொடுத்தார். சின்னதாக ஒரு பேச்சும் பேசினார். ஓய்வு என்பது உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய பரிசு இல்லை, மனுஷனாகப் பிறந்த எல்லோருக்கும் உள்ள உரிமை என்றார். தூக்கமில்லாமல், ரத்தக்கொதிப்போடு, பிள்ளை முகம் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த ஆட்களைப் பற்றிச் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. நானும் கை தட்டினேன். லட்டு இரண்டு சாப்பிட்டேன். பேச்சியும் வாசல் பக்கம் நின்று ஒரு லட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள், வேலப்பனுக்கு.

ஓய்வு வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? அவர் சொன்னது அத்தனையும் சரி. இரண்டு மாதத்தில் அவருக்கே தொப்பை குறைந்து முகம் தெளிந்துவிட்டது. சைக்கிள் வாங்கினார். எதிர் வீட்டுப் பையன் கிடார் கற்றுக்கொள்ளப் போனான். நன்றாக இருக்கட்டும்.

ஆனால் அந்த மூன்று நாள் லீவு கீழே இறங்கி வந்தபோது என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

ஜெபமலர் வேலை பார்த்தது அந்தக் கம்பெனி கான்டீனில். கான்ட்ராக்ட் ஆள், தினக்கூலி. வெள்ளிக்கிழமை ஆபீஸ் இல்லை என்றால் கான்டீன் இல்லை. கான்டீன் இல்லை என்றால் கூலி இல்லை. 'சம்பளத்தில் ஒரு பைசா குறையாது' என்பது அவளுக்குச் சொன்னது இல்லை. வாரத்தில் ஒரு நாள் கூலி போனது. அதைச் சரிக்கட்ட ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கப் போனாள். வகுப்பை விட்டாள்.

பேச்சிக்கு வேறு விதமாக வந்தது. அவள் வேலை பார்த்த நாலு வீட்டில் மூன்று வீடு அந்தக் கம்பெனி வீடு. நாலு நாளில் ஐந்து நாள் வேலையை முடிக்க வேண்டும் என்று அவர்கள் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். அதனால் திங்கள் முதல் வியாழன் வரை பேச்சி ஆறு மணிக்கு வந்து ஓட்டமாக ஓடி அவசர வேலை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் போதும் என்றார்கள். பெரிய வேலையெல்லாம் வெள்ளி, சனி, ஞாயிறு. வீட்டில் எல்லோரும் இருக்கிற நாள் அல்லவா? நாலு வேளையும் அடுப்பு எரியும். நண்பர்கள் வருவார்கள். பிறந்த நாள், பார்பிக்யூ, ஒன்றுமில்லாவிட்டால் சும்மா பத்து பேர். பாத்திரம் மலையாகக் கிடக்கும். மூன்று வீட்டிலும் ஒரே மணிக்கு அவளைக் கூப்பிடுவார்கள்.

நாலு ஞாயிறு போனாள். நாலு வகுப்பு போயிற்று. ஐந்தாவது வாரம் அழகியநம்பியிடம் கேட்டாள். சங்க ஆபீசில் வைத்துக் கேட்டாள், நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. அவர் ஏதோ செக்கில் கையெழுத்துப் போட வந்திருந்தார்.

"சார், ஒரு காரியம் பறயணும். ஞாயித்துக்கெழம மட்டும் எனக்கு விட்டுத் தந்தா மதி. மத்த நாள் எப்ப வரச் சொன்னாலும் வாரேன்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகப் பேசினார். "பேச்சி, நீயே யோசிச்சுப் பாரு. திங்கள்லேருந்து வியாழன் வரைக்கும் உனக்கு எட்டு மணிக்கே வேலை தீந்துருது. அப்புறம் நாள் பூரா உன்னோடதுதானே? பாத்தா எனக்கு மூணு நாள்தான் லீவு, உனக்கு நாலு நாள்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"க்ளாஸ் ஞாயித்துக்கெழமதான் சார் உள்ளது."

"அந்த டீச்சர்கிட்டச் சொல்லி நாளை மாத்திக்க முடியாதா?"

பேச்சி என்னைப் பார்த்தாள். சர்க்கார் நடத்துகிற வகுப்பை இவளுக்காகச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றுவார்கள் என்று ஒரு படித்த மனிதர் கேட்கிறார். என் வாய் அன்றைக்கும் மூடித்தான் இருந்தது.

கடைசியில் ஒரு ஏற்பாடு ஆயிற்று. ஞாயிறு காலை ஆறு மணிக்கு வந்து ஒன்பதரைக்குப் போய்விடலாம், சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்ப வர வேண்டும். ஆறு மணிக்கு அந்த வீடுகளில் யார் எழுந்திருப்பார்கள்? பெல் அடித்துவிட்டு வாசலில் காத்துக்கொண்டு நிற்பாள். பாதி நாள் பத்தரை ஆகிவிடும். வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, போன பாடத்தை இடைவேளையில் யாரிடமாவது வாங்கி எழுதிக்கொள்வாள். ஜெபமலர் இல்லாததால் அதற்கும் ஆள் தேட வேண்டியிருந்தது. இப்படியே ஐந்து மாதம் ஓட்டினாள்.

ஆகஸ்டில் மாடல் பரீட்சை வைத்தார்கள். கடைசி நாள் கணக்கு, ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு. வகுப்பு எடுக்கிற ஷிஜா டீச்சர் கறாரான ஆள். மாடல் பரீட்சை ஒன்று விட்டால்கூட மெயின் பரீட்சைக்குப் பேர் அனுப்ப மாட்டேன், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தாள். பேச்சி இதை மூன்று வீட்டிலும் பத்து நாள் முன்னாடியே சொன்னாள்.

அதே ஞாயிற்றுக்கிழமைக்கு அழகியநம்பி வீட்டில் ஷூட்டிங் வைத்தார்கள்.

கம்பெனி ஒரு வீடியோ எடுத்தது. நாலு நாள் வேலை வந்த பிறகு ஊழியர்களின் குடும்ப வாழ்க்கை எப்படி மாறியிருக்கிறது என்று காட்ட. கொச்சியிலிருந்து வினீத் என்று ஒரு டைரக்டர் பையன், கூட மூன்று பேர், விளக்கு, கேமரா எல்லாம். அவர்களை உள்ளே விட கேட் பாஸ் போட வேண்டும் என்று என்னையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். வந்தேன். காட்சி இதுதான்: மூன்றாவது லீவு நாளில் அழகியநம்பி தன் கையால் வீட்டாருக்குச் சமைக்கிறார். என்ன சமைக்கிறார்? எங்கள் பக்கத்துச் சொதி, தேங்காய்ப் பால் குழம்பு. அவருடைய அம்மா வைப்பது போல.

அழகியநம்பிக்குத் தேங்காய் உடைக்கக்கூடத் தெரியாது. காலை ஆறு மணிக்கே பேச்சி வந்து, மூன்று தேங்காய் துருவி, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து, காய் நறுக்கி, பருப்பு வேகவைத்து எல்லாம் பாத்திரம் பாத்திரமாக எடுத்துவைத்தாள். ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டியவள். ஷூட்டிங்காரர்கள் வந்ததே பத்து மணிக்கு. விளக்கு போட்டு முடிக்கப் பதினொன்று.

"சார், காய் வெந்ததும் தீயை அணைச்சிட்டு முதல் பால ஊத்துங்க. கொதிக்க விடாதீங்க, திரிஞ்சு போகும்" என்று இரண்டு தடவை சொன்னாள். சொதி வைக்கத் தெரிந்த யாருக்கும் இது தெரியும்.

வினீத்துக்கு ஆவி வேண்டும். ஆவி பறக்காவிட்டால் கேமராவில் சாப்பாடு உயிரில்லாமல் இருக்கும் என்றான். முதல் பாலை ஊற்றிவிட்டுத் தீயைப் பெரிதாக வைக்கச் சொன்னான். அழகியநம்பி வைத்தார். தளதளவென்று கொதித்தது, ஆவி பறந்தது, அவர் கரண்டியால் எடுத்து மோந்து பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் போய்ப் படம் எடுக்கலாம் என்று பார்த்தால் பால் திரிந்து திட்டுத் திட்டாக மிதக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

"பேச்சி, இன்னொரு தடவை பால் எடு" என்றாள் கிருஷ்ணவேணி.

அடுக்களைக்குப் பின்னால் வொர்க் ஏரியா என்று ஒரு சின்ன இடம் எல்லா வீட்டிலும் உண்டு. அம்மிக்கும் வாஷிங் மெஷினுக்கும் வேலைக்காரிக்குமான இடம். பேச்சியை அங்கே நிறுத்தியிருந்தார்கள், கேமராவில் விழுந்துவிடக் கூடாது என்று. அங்கே நின்று மறுபடியும் தேங்காய் துருவினாள். மிக்ஸியைப் போட்டதும் ஹாலிலிருந்து "கட்" என்று வினீத் கத்தினான். அழகியநம்பி அப்போது பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். மிக்ஸி சத்தம் விழுகிறதாம். அம்மியில் அரைத்துக் கையால் பிழியச் சொன்னார்கள். ஒரு மனிதன் ஹாலில் உட்கார்ந்து, வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்வது பற்றி மூன்றாவது முறையாகச் சொல்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி சத்தம் வராமல் தேங்காய் அரைக்கிறாள். நான் கேட் பாஸ் ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரிந்து என்ன? வாயைத் திறக்கவில்லையே.

இரண்டாவது சொதியும் திரிந்தது. மறுபடியும் ஆவி.

அப்போது மணி ஒன்று பத்து. பஸ் உடனே கிடைத்தால்கூடப் பள்ளிக்கூடத்துக்கு அரை மணி நேரம். பேச்சி வொர்க் ஏரியா வாசலில் வந்து நின்று கிருஷ்ணவேணியைக் கூப்பிட்டாள்.

"சேச்சி, ரெண்டு மணிக்குப் பரீட்சை. நான் போகட்டா?"

"இந்த ஒரு தடவை மட்டும் எடுத்துக் குடுத்துரு பேச்சி. அவர் நெலமையப் பாரு, ஆபீஸ் காரியம்" என்றாள் கிருஷ்ணவேணி. பாவம், அவளுக்கும் அன்று லீவு போல இல்லை. அவள் பாங்க்கில் மூன்று நாள் லீவும் கிடையாது. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, இருக்கிற ஒரு ஞாயிற்றையும் புருஷனுடைய ஓய்வுக்கு வேலை பார்க்கிறாள். அது எனக்குத் தெரியும். ஆனால் அடுத்து அவள் சொன்னதை என்னால் மன்னிக்க முடியாது. "மாடல் பரீட்சைதானே? அடுத்த வருஷமும் வரும்ல."

பேச்சி உள்ளே போனாள். மூன்றாவது முறை பால் பிழிந்தாள். பாத்திரத்தைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மூலையில் மாட்டியிருந்த பையை எடுத்தாள். வேலைக்காரர்கள் போவதற்கு வொர்க் ஏரியா வழியாகப் பின் கதவு இருக்கிறது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. அடுக்களையிலிருந்து ஹாலுக்கு வந்து, விளக்குகளுக்கு நடுவில், கேமராவுக்கு முன்னால் நின்றாள்.

"சார், முதல் பால் அங்க வச்சிருக்கேன். இனி நீங்களே பாத்துக்கோங்க. லீவு உங்களுக்கு, எனக்கில்ல. எனக்குப் பரீட்சை உண்டு."

குரலை உயர்த்தவே இல்லை. முன் வாசல் வழியாகப் போய்விட்டாள். வினீத் கேமராவை நிறுத்தக்கூட மறந்துபோனான்.

கேட்டில் மாட்டிக்கொண்டாள். எங்கள் ஃபிளாட்டில் ஒரு ஆப் இருக்கிறது. வேலைக்காரர்கள் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் செக்யூரிட்டி அதில் பதிவு செய்வான். பையோடு வெளியே போனால் அந்த வீட்டுக்காரர் போனில் 'அனுமதி' என்று அழுத்த வேண்டும். வீட்டுப் பொருள் எதுவும் போய்விடக் கூடாது அல்லவா? மற்ற நாளில் பேச்சி பை கொண்டுவர மாட்டாள், ஒரு பர்ஸ் மட்டும்தான்; வகுப்புக்குப் போகிற ஞாயிறுகளில் அழகியநம்பி மேலேயிருந்து அனுமதி அழுத்திவிடுவார். அன்றைக்குப் பையில் நோட்டும் காம்பஸ் பெட்டியும். செக்யூரிட்டி தாசையன் ஆப்பில் பதிந்துவிட்டுக் காத்திருந்தான். மேலே ஷூட்டிங்குக்காக அழகியநம்பி போனை அணைத்துவைத்திருந்தார்.

தாசையன் என்னைக் கூப்பிட்டான். நான் அப்போது லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் பேச்சி பையைத் திறந்து கேட் மேஜையில் கொட்டியிருக்கிறாள். நோட்டு, ஸ்கேல், பேனா, காம்பஸ் பெட்டி, டிபன் பாக்ஸ். "பாருங்க, சார் வீட்டுத் தேங்கா ஒண்ணும் இல்ல" என்றாள் தாசையனிடம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் "விடுப்பா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் அன்று முழுக்க உருப்படியாகச் சொன்னேன். அவள் பேனாவையும் காம்பஸையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினாள். நாற்பத்து நாலு வயதுப் பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடுவதை அந்த ரோட்டில் எல்லோரும் பார்த்தார்கள்.

இரண்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தாளாம். ஷிஜா டீச்சர் முதலில் உட்கார விடவில்லை. அப்புறம் கையைப் பார்த்திருக்கிறாள். கையெல்லாம் தேங்காய்த் துருவல் காய்ந்து ஒட்டியிருந்தது. ஒன்றும் கேட்காமல் பேப்பரைக் கொடுத்துவிட்டாள். இரண்டு கணக்கு போட நேரமில்லை. மற்றதெல்லாம் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை பேச்சி வேலைக்கு வரவில்லை. காலை எட்டு மணிக்கு அழகியநம்பியிடமிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. சங்கச் செயலாளர் என்ற முறையில் அனுப்பியிருந்தார். நடத்தை சரியில்லாததாலும், கேட்டில் செக்யூரிட்டியோடு தகராறு செய்ததாலும், பேச்சியின் பெயரை ஆப்பிலிருந்து எடுத்துவிடும்படி. முடிவில் 'தயவுசெய்து' என்று போட்டிருந்தார். அவர் எப்போதும் தயவுசெய்துதான்.

ஆப்பில் ஒரு வீட்டுக்கு மட்டும் பெயரை எடுக்க முடியாது. எடுத்தால் நாலு வீட்டுக்கும் போயிற்று. இதை அவருக்கு எழுதினேன். 'தெரியும்' என்று பதில் வந்தது.

அரை மணி நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். மாட்டேன் என்று சொல்லலாம். கமிட்டியைக் கூட்டுங்கள் என்று சொல்லலாம். உங்கள் லட்டுப் பேச்சை ஒருமுறை நீங்களே கேட்டுப் பாருங்கள் என்று சொல்லலாம். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. வாடகை வீடு. இந்த வேலையும் வாய்ப்பேச்சு வேலைதான், எந்த ஆர்டரும் என் கையில் இல்லை. எட்டு நாற்பதுக்கு அந்தப் பொத்தானை அழுத்தினேன். ஆமாம், நான்தான் அழுத்தினேன்.

அவளுக்குப் போன் போட்டுச் சொல்லவாவது செய்தேனா? அதுவும் இல்லை. அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அவள் வந்திருக்கிறாள். கேட்டில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. தாசையன் விடவில்லை. நான் எட்டு மணிக்கு வரும் வரை கேட்டுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். தாசையன் எடுத்துவைத்திருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அக்கா, பேரு எடுத்தது நீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆப்பில் ஏதோ கோளாறு என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமா பேச்சி. சார் சொன்னாரு. என்னால…"

"பொறுங்க அக்கா." அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கோபத்தில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று ஆறு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். "நீங்க அழுத்தலேன்னா ஒங்களையும் வெளிய அனுப்பிருவாங்க. அது எனக்குத் தெரியும். அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு நான் சொல்ல மாட்டேன். என் வாயிலேருந்து அது வராது."

"பேச்சி…"

"மெயின் பரீட்சைக்குப் பேரு அனுப்பியாச்சு. ஷிஜா டீச்சர் நேத்துதான் கூப்பிட்டுச் சொன்னா" என்றாள். "இனி ஞாயித்துக்கெழம க்ளாஸுக்குப் பத்து மணிக்கே போவேன்."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். நான் உள்ளே வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். அழகியநம்பியிடமிருந்து ஒரு மெசேஜ் காத்திருந்தது. புதிதாக ஒரு வேலைக்காரப் பெண்ணின் பெயரை ஆப்பில் சேர்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வர வேண்டும் என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், தயவுசெய்து. நான் சேர்த்தேன்.